கோழிக்கு வேலி, நாய்க்கு மின்சாரமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. முதலாண்டு வகுப்பில் ஓம் விதியை நடத்தி முடித்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு மாணவன் பின்னாலேயே வந்து நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். "சார், இந்தச் சுற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான்.

படம் எளிமையானது. சுவரில் ஒரு பிளக். அதன் ஃபேஸ் முனையிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் நடுவே 40 வாட் பல்பு ஒன்று தொடராக இணைக்கப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் கம்பி ஒரு நீள்சதுரத்தைச் சுற்றி வந்து முடிந்தது. நீள்சதுரத்துக்குள் 'கோழிக்கூடு' என்று எழுதியிருந்தான்.

"யாருக்காக இது?"

"பக்கத்து வீட்டு நாய்க்கு, சார்."

பிறகு கதை வந்தது. அவன் ஊர் குளித்தலைக்கு அருகில் ஒரு சிற்றூர். பாட்டி ஒன்பது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார். முட்டை விற்ற காசில்தான் அவருடைய கைச்செலவு. ஒரு மாதத்தில் இரண்டு கோழிகளைக் காணோம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இரவு மட்டும் மூன்று. இரண்டு கோழிகளைத் தின்னவும் இல்லை. கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. தகப்பனார் மறுநாளே ஒரு கட்டு ஜி.ஐ. கம்பி வாங்கி வந்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர், "பல்பைத் தொடராகப் போட்டுவிட்டால் கரண்ட் மட்டுப்படும், நாய்க்கு ஓர் உதறல்தான், சாகாது" என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேலி போடுவதாக ஏற்பாடு.

போடுவதற்கு முன்னால் கேட்கலாம் என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கே அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். இருவரும் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கணக்கைப் போட்டோம். நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல்பு எவ்வளவு தடுக்கும்?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். பல்பின் மின்தடையைக் காண, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுக்க வேண்டும். 230 × 230 = 52,900. இதை 40 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,320 ஓம் வருகிறது. பரவாயில்லையே, பெரிய தடைதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும்போது உள்ள தடை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை இதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். 130 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து உடலின் தடை. உலர்ந்த, காய்ப்பேறிய தோல் நல்ல தடை தரும். ஆனால் வேர்த்த கை, வெறுங்கால், ஈர மண் என்றால் மனித உடலை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டே பாதுகாப்புக் கணக்குகளைப் போடுவார்கள். ஒருவர் அந்த வேலியைத் தொட்ட முதல் நொடியில் சுற்றின் மொத்தத் தடை 1,130 ஓம். 230 ஐ 1,130 ஆல் வகுங்கள். 0.2 ஆம்பியர், அதாவது 200 மில்லி ஆம்பியர்.

இது அதிகமா, குறைவா? ஒரு மில்லி ஆம்பியர் அளவில் தோலில் சிறு கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் தாமாகவே இறுகிக் கொள்கின்றன. பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. 'கரண்ட் ஆளை இழுத்துப் பிடித்துக் கொள்கிறது' என்று ஊரில் சொல்வார்களே, அது இதுதான். மின்சாரம் இழுப்பதில்லை. நம் தசையே நம்மைப் பிடித்து வைத்துவிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சுத் தசைகள் தடுமாறும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் ஒன்றிரண்டு விநாடிகள் மார்பு வழியே பாய்ந்தால் இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இதயம் இரத்தத்தை இறைக்காது.

மாணவன் விடவில்லை. "மின்னோட்டம் போகப் போக இழை சூடாகிவிடுமே, சார். தடை கூடுமே?" என்றான். நல்ல கேள்வி. இழை முழுச் சூட்டை எட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1,320 உடன் 1,000 சேர்த்தால் 2,320 ஓம். மின்னோட்டம் 99 மில்லி ஆம்பியர். 'ஜீரோ வாட்' என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அந்தப் பல்பு உண்மையில் 15 வாட். அதைப் போட்டு, அதுவும் முழுச் சூட்டை எட்டியதாகக் கணக்கிட்டால்கூட 51 மில்லி ஆம்பியர் வருகிறது. எப்படிப் பார்த்தாலும் ஆபத்தான எல்லைக்குள்ளேயே நிற்கிறோம். இன்று பல வீடுகளில் இருப்பது எல்.இ.டி. பல்பு, அதனுள் இழையே கிடையாது என்பதால் இந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. அது காப்பாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம்.

வேலியில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் அந்த 40 வாட் பல்பு என்ன செய்யும் தெரியுமா? மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான். ஃபியூஸ் போகாதா என்று கேட்கலாம். ஃபியூஸ் 5 ஆம்பியருக்கு மேல் போனால்தான் உருகும். நம் கணக்கில் பாய்வதோ 0.2 ஆம்பியர். ஃபியூஸ் வீட்டின் கம்பிகளைக் காப்பாற்ற வைத்த சாதனம். ஆளைக் காப்பாற்ற வைத்தது அல்ல. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுக் காப்பு சுவிட்சு ஒன்று உண்டு. அது பொருத்திய வீட்டில் இத்தகைய வேலி நிற்கவே நிற்காது. உடனே அதைத் தாண்டிக் கம்பியை இழுக்கலாமா என்று யாருக்காவது தோன்றும். அது இன்னும் மோசம்.

நான் மாணவனிடம் கேட்டேன். "காலையில் கூட்டைத் திறப்பது யார்?"

"பாட்டிதான், சார். விடியும் முன்னால்."

"பந்து உள்ளே விழுந்தால் எடுக்கப் போவது யார்?"

"தங்கச்சி" என்றான். நோட்டைத் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டான்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, காட்டுப்பன்றிக்காக நிலத்தில் சட்ட விரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. பன்றிக்கு என்று போட்ட கம்பிக்கு வருவது பன்றியா, யானையா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று தெரியாது.

5,000 வோல்ட் கொல்லவில்லையே!

மறுநாள் சனிக்கிழமை. அவனுடன் நானும் ஊருக்குப் பேருந்தில் சென்றேன். தகப்பனாரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வழியில் அவன் இன்னொன்று கேட்டான். "காட்டோரத் தோட்டங்களில் 5,000 வோல்ட் வேலி போட்டிருக்கிறார்களே. 230 வோல்ட் கொல்கிறது, 5,000 வோல்ட் கொல்லவில்லை. எப்படி, சார்?"

இந்த வேலிக்குப் பின்னால் ஒரு குதிரை இருக்கிறது. 1930-களில் நியூசிலாந்தில் பில் கல்லகர் என்பவருடைய குதிரை அவருடைய காரில் வந்து உடம்பைத் தேய்த்துக் கொள்ளும். கார் அசைந்தால் குதிரைக்கு ஓர் அதிர்ச்சி கிடைக்கும்படி அவர் ஒரு மின்சுற்று செய்து வைத்தார். குதிரை தேய்ப்பதை விட்டது. அந்தக் குறும்பிலிருந்து வேலிக்கு மின்துடிப்பு தரும் கருவிகளும் பெரிய தொழிலும் வளர்ந்தன.

இக்கருவி வேலிக்கு மின்சாரத்தைத் தொடர்ச்சியாகக் கொடுப்பதில்லை. ஒரு மின்தேக்கியில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து, விநாடிக்கு ஒருமுறை, மின்மாற்றி வழியாக ஒரு துடிப்பாக அதை வெளியே விடுகிறது. துடிப்பு நீடிப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். மின்தேக்கி 20 மைக்ரோஃபாரட், அதில் மின்னழுத்தம் 320 வோல்ட் என்று கொண்டால், சேர்ந்திருக்கும் ஆற்றல் ½CV² என்ற சூத்திரத்தின்படி ஏறத்தாழ ஒரு ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றலும் அவ்வளவுதான். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நியமம் ஒரு துடிப்புக்கு 5 ஜூலுக்கு மேல் கூடாது என்கிறது. துடிப்புகளுக்கு இடையே குறைந்தது ஒரு விநாடி இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறது.

இப்போது மாணவன் வரைந்த வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 ஆம்பியர், 1,000 ஓம். I²R = 40 வாட். விநாடிக்கு 40 ஜூல் உடலுக்குள் இறங்குகிறது. அடுத்த விநாடியும் 40. அதற்கடுத்த விநாடியும் 40. கையை எடுக்க இடைவெளியே இல்லை. நியூசிலாந்து வேலியிலோ ஒரு துடிப்பு வந்து போன பிறகு நீண்ட ஓய்வு. நாய் துள்ளி விலகிவிடும். மிகக் குறுகிய துடிப்பு இதயத்தின் ஒழுங்கைக் குலைப்பதும் கடினம். கொல்வது வெறும் வோல்ட் அல்ல. எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

அப்படியானால் 12 வோல்ட் கொடுத்தால் போதாதா? போதாது. நாயின் மயிர் நல்ல மின்காப்பு; கோடையில் காய்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. இவற்றைத் துளைத்துக்கொண்டு போகத்தான் ஆயிரக்கணக்கான வோல்ட். அதனால்தான் கம்பியை நாயின் மூக்கு உயரத்தில் கட்டுகிறார்கள். ஈரமான மூக்கில் மயிரும் இல்லை, காப்பும் இல்லை. முகர்ந்து பார்த்த நாய் மறுமுறை வராது.

உடனே ஒரு மின்தேக்கியை வாங்கி இதைச் செய்து பார்க்கலாம் என்று உங்களில் யாராவது எண்ணினால், வேண்டாம். கடையில் நியமத்தின்படி செய்து விற்கும் கருவியில் வேலிக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபடி மின்மாற்றி பிரித்து வைத்திருக்கும். வீட்டில் செய்ததில் ஓர் உறுப்பு பழுதானால் 230 வோல்ட் நேராக வேலிக்கு வந்துவிடும். பிறகு பழைய கதைதான்.

பஞ்சாரமும் நெம்புகோலும்

நாங்கள் போனபோது பாட்டி திண்ணையில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வாத்தியாரே" என்றவர், மோர் கொடுத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மூன்று கோழி செத்த இடம். மூங்கில் பஞ்சாரம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அருகே கோழிவலை அடித்த ஒரு மரக்கூடு. அதன் அடியில் ஒரு பள்ளம்.

பஞ்சாரத்தை நான் தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ இருக்கும். நாய் அதை முழுவதும் தூக்கத் தேவையில்லை. ஒரு விளிம்புக்கு அடியில் மூக்கை நுழைத்தால் போதும். எதிர் விளிம்பு தரையில் ஊன்றி நிற்கிறது. எடை நடுவில் இருக்கிறது. விசை இந்த ஓரத்தில். இது இரண்டாம் வகை நெம்புகோல். எடையில் பாதி, அதாவது ஒன்றரை கிலோவைத் தூக்கும் விசை கொடுத்தால் பஞ்சாரம் எழும்பிவிடும். பூனைகூடச் செய்யும்.

"மேலே கல்லு வைக்கிறேனே" என்றார் பாட்டி. வைத்தால் நல்லதுதான். பத்துக் கிலோ கல் ஏற்றினால் நாய் ஆறரை கிலோ தூக்க வேண்டும். ஆனால் நன்றாக வளர்ந்த நாய்க்கு அது பெரிய காரியம் அல்ல. மேலும் கல் உச்சியில் இருப்பதால் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடுகிறது. பஞ்சாரம் சற்றுச் சாய்ந்ததுமே கல் உருளும். போன வருடம் அப்படி உருண்டு ஒரு குஞ்சு நசுங்கியதாம். சிறு குச்சிகளால் விளிம்பை மண்ணோடு பிணைத்துவிடுவது இதைவிட மேல். மூன்று இடங்களில் ஓர் அடி நீள முளைக்குச்சிகள் அடித்து, விளிம்பை அவற்றோடு கயிற்றால் கட்டினோம். இப்போது நாய் பஞ்சாரத்தை மட்டும் தூக்கினால் போதாது; முளைகளையும் மண்ணிலிருந்து பிடுங்க வேண்டும்.

கூட்டின் கதை வேறு. ஆறு மூலைக் கண்கள் கொண்ட மெல்லிய கோழிவலை, பெயருக்கு ஏற்றபடி கோழியை உள்ளே வைக்கச் செய்தது. நாயை வெளியே வைக்கச் செய்ததல்ல. முறுக்கி மட்டும் வைத்த மெல்லிய கம்பி, பல்லில் சிக்கி இழுத்தால் விரிந்துவிடும். கீழ் இரண்டடி உயரத்துக்கு, சந்திகள் பற்றவைத்த கெட்டி வலை வேண்டும். 'வெல்டு மெஷ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பள்ளத்துக்கு மருந்து அதைவிடச் சுலபம். வலையைச் சுவரோடு நிறுத்தாமல், தரையில் மடக்கி, வெளிப்புறமாக ஒன்றரை அடி படுக்கவிட்டு, மேலே கல்லும் மண்ணும் போட்டோம். நாய் எங்கே தோண்டும்? வேலி தரையைத் தொடும் இடத்தில்தான், மூக்கு முட்டும் இடத்தில்தான் தோண்டும். இரண்டு பிறாண்டுப் பிறாண்டினால் நகம் கம்பியில் மாட்டும். ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்று அதற்கு வழக்கமாகத் தோன்றுவதில்லை. ஆழமாகப் பள்ளம் வெட்டி வலையைப் புதைப்பதைவிட இது குறைந்த வேலை. ஒரு மழை பெய்தால் புல் மூடிவிடும்.

கீற்று ஒன்றையும் கூட்டின் ஓரமாகச் சாய்த்து வைக்கச் சொன்னேன். ஓடுவதும் படபடப்பதுமான பொருள் கண்ணில் பட்டால்தான் நாய்க்குத் துரத்தும் வெறி வருகிறது. பசிக்காக மட்டும் அது கொல்வதில்லை. தின்னாமல் போட்டுவிட்டுப் போன இரண்டு கோழிகளே இதற்குச் சாட்சி. பார்வையை மறைத்தால் பாதிக் காரியம் ஆகும்.

நேரமும் முக்கியம். செவ்வாய்க்கிழமை கூட்டை எப்போது மூடினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். "விளக்கு வெச்சப்புறம்" என்றார். கோழியின் விழித்திரை பகல் வெளிச்சத்துக்கு ஏற்றது. மங்கலில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால்தான் பொழுது சாயும் முன்னரே கூடு தேடி ஓடி வருகிறது. நாயின் விழித்திரைக்குப் பின்னாலோ கண்ணாடி போல ஒரு பிரதிபலிப்புப் படலம் இருக்கிறது. முதல்முறை உணர்செல்களுக்கு அகப்படாமல் போன ஒளியை அது திருப்பி அனுப்பி இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கிறது. இரவில் டார்ச் அடித்தால் நாயின் கண் பளிச்சென்று மின்னுவது இதனால்தான். அந்திப்பொழுதில் ஒருவருக்குக் கண் தெரிகிறது, மற்றவருக்குத் தெரியவில்லை. கூட்டைச் சூரியன் மறையும் முன்பே மூடிவிட வேண்டும்.

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் நாயை விரட்டும் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. நாய் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது உண்மை. நமக்கு 20,000 தான் எல்லை. ஆனால் ஒலி தொலைவோடு விரைவாகக் குறைகிறது. இரண்டு நாளில் நாய்க்கும் பழகிப் போகலாம். எனக்கு அவற்றில் அதிக நம்பிக்கை இல்லை.

நாய்க்காரர் வீடு

தகப்பனாரிடம் கணக்கைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் கம்பிக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கறியில மருந்து வெச்சிர வேண்டியதுதானா, சார்?" என்றார். கோபத்தில் சொன்னதுதான். அது கொடுமையும் குற்றமும் என்றேன். அந்தக் கறியைத் தின்பது எந்த நாய், எந்தக் காகம் என்று யார் கண்டது? பேசிப் பார்க்கலாம் என்று இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம்.

நாய்க்காரரும் நியாயத்தோடுதான் பேசினார். மூன்று வருடத்துக்கு முன் அவர் வீட்டில் இரண்டு ஆடு களவு போனது. அவருக்கு அரிசி ஆலையில் இரவு வேலை. வீட்டில் மனைவி தனியாக. "கட்டிப் போட்டா ராத்திரியெல்லாம் ஊளையிடுது, சார். அவுத்து விட்டா இவங்க வீட்டுக் கோழி. நான் என்ன செய்யட்டும், அண்ணே?" என்று மாணவனின் தகப்பனாரைப் பார்த்துக் கேட்டார்.

கட்டியும் இருக்க வேண்டும், ஓடவும் வேண்டும். அதற்கு வழி ஓடுகம்பி. வேப்ப மரத்துக்கும் எட்டு மீட்டர் தள்ளி நின்ற தென்னைக்கும் இடையே, ஆள் உயரத்துக்கு மேலே கம்பி ஒன்றைக் கட்டி, அதில் ஒரு வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலி. நாய் எட்டு மீட்டரும் ஓடலாம். வேலிக்கு வாங்கிய ஜி.ஐ. கம்பியைத் தகப்பனார் எடுத்துவந்து கொடுத்தார். "தொய்வு இல்லாமல் நன்றாக முறுக்கி இழுத்துக் கட்டுங்கள்" என்று சொன்னவன் நான்தான். அந்த வாக்கியத்தை இன்றும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எட்டாம் நாள் மாணவன் வந்து சொன்னான். வேப்ப மரத்தில் அறைந்த கொக்கி பிடுங்கிக்கொண்டது. நாய் சங்கிலியோடு ஓடிவந்து, பகலில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளை விடைக்கோழியைக் கடித்துவிட்டது. கூடும் பஞ்சாரமும் பத்திரமாகத்தான் இருந்தன. கோழிதான் வெளியே இருந்தது.

"பாட்டி ஒன்று சொன்னார்கள், சார்."

"சொல்."

"'அத்தனை கணக்குப் போட்ட வாத்தியாரு இந்தக் கணக்கைப் போடலியா'ன்னு."

போடவில்லை. அன்று மாலை போட்டேன். கம்பியின் நடுவில் நாய் பக்கவாட்டில் 200 நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 கிலோ எடைக்குச் சமம். இந்த விசையைக் கம்பியின் இரண்டு பாதிகளும் சேர்ந்து தாங்க வேண்டும். ஆனால் கம்பி ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்பதால், அதன் இழுவிசையில் மிகச் சிறிய கூறு மட்டுமே நாயை எதிர்த்து நிற்கிறது. முறுக்கிக் கட்டிய கம்பி நடுவில் 20 சென்டிமீட்டர்தான் வளைகிறது என்றால், பாதி நீளமான 4 மீட்டரில் அது இருபதில் ஒரு பங்கு. அதாவது சைன் மதிப்பு 0.05. இழுவிசை = 200 ÷ (2 × 0.05) = 2,000 நியூட்டன். இருநூறு கிலோ எடை கொக்கியில் தொங்குவதற்குச் சமம்! அதே கம்பியை 80 சென்டிமீட்டர் வளையும்படி தொய்வாகக் கட்டியிருந்தால் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.2, இழுவிசை 500 நியூட்டன்தான். நான் சொன்ன முறுக்கு, கொக்கியின் சுமையை நான்கு மடங்காக்கியிருந்தது. துணி உலர்த்தும் கொடியை எவ்வளவுதான் இழுத்துக் கட்டினாலும் ஈரத்துணி போட்டதும் தொங்குவதும் இதே காரணத்தால்தான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். முதலில் பாட்டியிடம் கோழிக்கு உரிய பணத்தை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். கொக்கியை விட்டுவிட்டு, மரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டயர்த் துண்டைப் போட்டு, அதன் மேல் கம்பியைச் சுற்றிக் கட்டினோம். மரப்பட்டை அறுபடாது. கம்பியில் நல்ல தொய்வு விட்டோம். நாய் பாய்ந்து சங்கிலி சுண்டும் அந்த நொடியில் வரும் விசை, அது நின்று இழுப்பதைவிடப் பல மடங்கு. எனவே வளையத்துக்கும் சங்கிலிக்கும் இடையே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்தோம். டியூப் நீளும்போது நாய் நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது; நேரம் கூடினால் விசை குறைகிறது. டியூப் அறுந்தாலும் நாய் அவிழ்ந்துவிடாதபடி, அதற்கு இணையாகத் தளர்வாக ஒரு கயிறு. மரங்களிலிருந்து மூன்றடி தள்ளி இருபுறமும் கம்பியில் ஒரு முடிச்சு. வளையம் அதைத் தாண்டாது, நாயும் மரத்தைச் சுற்றிக்கொண்டு மாட்டாது.

நாய்க்காரர் ஒரு காரியம் தாமாகவே செய்தார். காலையில் ஆலையிலிருந்து திரும்பியதும் நாயை ஆற்றங்கரை வரை நடத்திக் கூட்டிப் போகிறார். அலைந்து களைத்த நாய் பகலில் தூங்குகிறது. இதில் இயற்பியல் ஒன்றும் இல்லை.

சென்ற தை மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பாட்டியிடம் இப்போது பதினான்கு கோழிகள். அதில் ஓர் அடைக்கோழியும் அதன் குஞ்சுகளும் பஞ்சாரத்துக்குள். மூன்று முளைக்குச்சிகளும் அப்படியே இருந்தன. பஞ்சாரத்தின் உச்சியில் கல்லும் இருந்தது.

"கல் எதற்குப் பாட்டி? உருண்டுவிடும் என்றேனே."

"அது கெடக்கட்டும்" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். கல்லைச் சுற்றிக் கயிறு போட்டு, பஞ்சாரத்தின் மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

மீந்த ஜி.ஐ. கம்பி இரண்டு சுற்று, மாட்டுக்கொட்டகையின் விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.